சோமாவின் பாழரண்மனை: குனியோஷியின் எலும்புக்கூடு படம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் மேசைக்கு மேலே இந்த ஜப்பானியப் படத்தின் பிரதி பல ஆண்டுகளாகத் தொங்குகிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் அதன் முன்னால் ஒரு நிமிடமாவது நிற்காமல் போனதில்லை. நின்று பார்ப்பார்கள், அப்புறம் கேட்பார்கள். கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்தால் படத்தை விரும்புகிற மற்றவர்களுக்கும் உதவும் என்று தோன்றியது.

இது என்ன படம்? இதில் என்ன நடக்கிறது?

உதகாவா குனியோஷி என்ற ஓவியர் 1840களின் நடுவில் வரைந்த மரக்கட்டை அச்சுப் படம் இது. ஜப்பானியப் பெயர் ‘சோமா நோ ஃபுருதாய்ரி’. மூன்று தனித்தனித் தாள்கள். ஒவ்வொன்றும் சுமார் 37 செ.மீ. உயரம், 25 செ.மீ. அகலம். மூன்றையும் ஒட்டி வைத்தால் ஒரே காட்சி.

இடம், பாழடைந்த ஓர் அரண்மனைக் கூடம். வலது பக்கம் கும்மிருட்டு. அந்த இருட்டுக்குள்ளிருந்து, கந்தலாகித் தொங்கும் மூங்கில் திரையை விலக்கிக்கொண்டு, கூரையளவு உயரமுள்ள எலும்புக்கூடு ஒன்று கூடத்துக்குள் குனிகிறது. அதன் மண்டை ஓட்டுக்குக் கீழே இரண்டு ஆண்கள் மல்லுக்கட்டுகிறார்கள். இடது ஓரத்தில் இளம்பெண் ஒருத்தி, விரித்த சுருளேடு ஒன்றைக் கையில் பிடித்தபடி நிற்கிறாள்.

எலும்புக்கூட்டை எல்லோரும் பார்த்துவிடுவார்கள், அதைப் பார்க்காமல் இருக்கவே முடியாது. அந்தப் பெண்ணைப் பாருங்கள் என்று சொல்வதற்காகத்தான் இதை எழுதுகிறேன். எலும்புக்கூட்டை வரவழைத்தவள் அவள். படமே அவளுடையது.

பெயருக்கு என்ன பொருள்?

‘ஃபுரு’ என்றால் பழைய. ‘தாய்ரி’ என்றால் பேரரசர் குடியிருக்கும் உள்அரண்மனை. சோமா என்பது கிழக்கு ஜப்பானில், இன்றைய இபராகி, சிபா மாநிலங்களை ஒட்டிய பகுதி. ஆக, ‘சோமாவின் பழைய பேரரண்மனை’.

இதில் ஒரு சூடான அரசியல் இருக்கிறது. பேரரசர் இருந்தது கியோத்தோவில். சோமாவில் இருந்த வீட்டைத் ‘தாய்ரி’ என்று அழைத்தால், அங்கேயும் ஒருவன் தன்னைப் பேரரசன் என்று சொல்லிக்கொண்டான் என்று ஆகிறது. அப்படிச் சொல்லிக்கொண்டவன்தான் இந்தப் பெண்ணின் அப்பா.

யார் அந்த அப்பா?

தாய்ரா நோ மசகாதோ. வரலாற்றில் உறுதியாக இருந்தவன். பத்தாம் நூற்றாண்டில் கிழக்கு மாகாணங்களில் நிலமும் படையும் வைத்திருந்த போர்வீரன். சொந்தக்காரர்களோடு தொடங்கிய சண்டை பெருத்து, 939-இல் மாகாண அரசு அலுவலகங்களைப் பிடிக்கும் அளவுக்குப் போனது. தன்னைப் ‘புதிய பேரரசன்’ என்று அறிவித்துக்கொண்டான். அந்த ஆட்சி சில மாதங்கள்கூடத் தாங்கவில்லை. 940-இல் ஃபுஜிவாரா நோ ஹிதெசாதோவும், மசகாதோவின் உறவினனான தாய்ரா நோ சதாமோரியும் சேர்ந்து அவனை வீழ்த்தினார்கள்.

தலையைக் கியோத்தோவுக்குக் கொண்டுபோய்ப் பொது இடத்தில் தொங்கவிட்டார்கள். இதற்குப் பிறகு வருவது மக்கள் சொன்ன கதை. தலை மாதக்கணக்கில் அழுகவில்லையாம், கண்ணை மூடவில்லையாம், கடைசியில் தன் உடலைத் தேடிக் கிழக்கே பறந்து போனதாம். அது விழுந்த இடம் என்று சொல்லப்படும் மேடு இன்றும் தோக்கியோவின் ஓதெமாச்சியில், வங்கிகளும் பெருநிறுவனங்களும் நிற்கும் கண்ணாடிக் கட்டடங்களுக்கு நடுவே இருக்கிறது. 1923 நிலநடுக்கத்துக்குப் பிறகு அங்கே அரசு கட்டடம் எழுப்பியபோது அதிகாரிகள் அடுத்தடுத்து இறந்ததாகவும், மசகாதோவின் கோபம்தான் காரணம் என்றும் ஊர் பேசிக்கொண்டது. இன்றைக்கும் அந்த மேட்டை யாரும் அப்புறப்படுத்தவில்லை. பூ வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள்.

தோக்கியோவின் கந்தா மியோஜின் கோவிலில் அவன் தெய்வமாகவே இருக்கிறான். 1874-இல், பேரரசருக்கு எதிராக எழுந்தவனை அங்கே வைத்துக் கும்பிடலாமா என்று மெய்ஜி அரசின் காலத்தில் அவனை முதன்மைத் தெய்வங்களின் வரிசையிலிருந்து எடுத்தார்கள். 1984-இல் திரும்பவும் சேர்த்தார்கள். தோற்றுச் செத்த வீரன் சாமியாவது நம் ஊர்களிலும் உண்டு என்பதால், இந்த உணர்வை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அந்தப் பெண் நிஜமாக இருந்தவளா?

இந்த வடிவத்தில் இல்லை. அவள் பெயர் தகியாஷா. ‘ஹிமே’ என்றால் இளவரசி என்பதால் தகியாஷா-ஹிமே என்பார்கள். மசகாதோவின் மூன்றாவது மகள் நியோஸோ என்ற பிக்குணியாக வாழ்ந்தாள் என்று ஒரு பழைய பௌத்த மரபு உண்டு. அமைதியான பெண், பக்தி மிகுந்தவள்.

அவளைச் சூனியக்காரியாக்கியது எதோ நகரத்தின் கதை எழுத்தாளர்கள். எதோ என்பது இன்றைய தோக்கியோவின் பழைய பெயர். சான்தோ கியோதென் என்பவர் 1806-இல் வெளியிட்ட ‘உதோ யாசுகதா சூகிதென்’ என்ற நெடுங்கதைதான் இந்தப் படத்தின் மூலம். அதில் மசகாதோவின் மகளும் மகன் யோஷிகாதோவும் ஒரு தவளை ஆவியிடம் மந்திரவித்தை கற்கிறார்கள். பிக்குணியாக இருந்தவள் தகியாஷா ஆகிறாள். இடிந்துபோன அப்பாவின் அரண்மனையில் ஆட்களைத் திரட்டி, விட்ட இடத்திலிருந்து கலகத்தைத் தொடரப் பார்க்கிறாள். 1836-இல் இந்தக் கதை கபுகி என்ற ஜப்பானிய நாடக மேடைக்கும் வந்தது. அதனால் குனியோஷி வரைந்தபோது கடைக்கு வந்த எவருக்கும் தகியாஷா யார் என்று சொல்ல வேண்டியிருந்திருக்காது.

தரையில் இருக்கும் இருவர்?

ஒருவன் ஓயா நோ தாரோ மிட்சுகுனி. பாழரண்மனையில் பேய் உலாவுகிறது என்று கேள்விப்பட்டு, அதைச் சோதித்துப் பார்க்க வந்த வீரன். மற்றவன் தகியாஷாவின் ஆள் அராய்மாரு. மூல அச்சில் இவர்கள் பெயர்கள் சின்னச் சட்டங்களுக்குள் எழுதியிருக்கும்.

‘யாஷா’ என்பது நம்முடைய சொல் போலக் கேட்கிறதே?

ஆமாம், காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. ‘தகி’ என்றால் அருவி. ‘யாஷா’ என்பது சமஸ்கிருத ‘யக்ஷ’. பௌத்த நூல்களோடு சீனாவுக்குப் போய், சீன எழுத்தில் ஒலிபெயர்ந்து, அங்கிருந்து ஜப்பானுக்கு வந்த சொல்.

அதே சொல்தான் தமிழில் இயக்கர், இயக்கி என்று வழங்கியது. நெல்லை, குமரிப் பக்கம் கும்பிடும் இசக்கியம்மனின் பெயரும் இந்த இயக்கியிலிருந்து வந்தது என்பார்கள். குனியோஷிக்கு இசக்கியைத் தெரியாது, கதைகளுக்குள் நேரடி உறவு எதுவும் இல்லை. ஆனாலும் அநியாயமாக இழந்த ஒரு பெண் உக்கிரமாகத் திரும்பி வரும்போது, இரண்டு தேசமும் அவளுக்கு ஒரே வேர்ச்சொல்லிலிருந்து பெயர் எடுத்திருக்கின்றன. இதை முதன்முதலில் கவனித்த அன்று எனக்கு உடம்பு சிலிர்த்தது.

மூலக்கதையிலும் இப்படி ஒரே ராட்சத எலும்புக்கூடுதானா?

இல்லை. என்னைப் பொறுத்தவரை இந்தப் படத்தைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் தெரிந்துகொள்ள நேரம் இருக்கிறது என்றால், இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

கியோதெனின் கதையில் மிட்சுகுனி காண்பது எலும்புக்கூடுகளின் கூட்டம். ஆள் அளவு எலும்புக்கூடுகள், ஏராளமாக வந்து சண்டை போடுகின்றன. குனியோஷியின் குருவான உதகாவா தொயொகுனிதான் அந்த நூலுக்குப் படம் வரைந்தவர். ஆகவே அந்தக் காட்சி குனியோஷிக்கு நன்றாகப் பழகியதாகவே இருந்திருக்கும். ஏறக்குறைய 40 ஆண்டு கழித்து அதே கதையை எடுத்தவர் கூட்டத்தை அப்படியே தூக்கிவிட்டு, ஒன்றே ஒன்றை வைத்தார். மூன்று தாளில் இரண்டை அதற்குக் கொடுத்தார்.

என்ன மாறியது என்று பாருங்கள். நூறு எலும்புக்கூடுகள் இருந்தால் அது போர்க்களம். வீரன் வாளைச் சுழற்றுவான், சில விழும், சில எழும், பார்க்கிறவர்கள் எண்ணிக்கொண்டிருப்பார்கள். ஒன்றாக ஆனதும் அடிப்பதற்கு இடமே இல்லை. வாளை எங்கே வீசுவது? அந்த முழங்கை மூட்டிலா? போரில் செத்த மசகாதோவின் வீரர்கள் அத்தனை பேரும் ஒரே உடம்பாகி வந்து நிற்பது போலத் தோன்றும். படத்தில் அப்படி எதுவும் எழுதியிருக்கவில்லை, இது நான் பார்க்கும் விதம். ஆனால் தகியாஷா அழைத்தது ஒரு பேயை அல்ல, தோற்றுப்போன தன் வீட்டையே என்று எனக்குப் பட்ட பிறகு, வேறு விதமாக இந்தப் படத்தைப் பார்க்க முடியவில்லை.

அப்போ இது ‘கஷாதொகுரோ’ இல்லையா?

இல்லை. இணையத்தில் பெரும்பாலும் அந்தப் பெயரோடுதான் இந்தப் படம் சுற்றுகிறது, அதனால் குழப்பம் இயல்பே. பட்டினியால் செத்தவர்களின் எலும்புகள் சேர்ந்து உருவாகி, இரவில் ஆளைப் பிடித்துத் தலையைக் கடிக்கும் ராட்சத எலும்புக்கூடு என்று கஷாதொகுரோவைச் சொல்வார்கள். அது இருபதாம் நூற்றாண்டின் பின்பாதியில் சிறுவர் இதழ்களிலும் பேய்க்கதைத் தொகுப்புகளிலும் பிறந்தது. சித்திரக்கதை ஓவியர் மிசுகி ஷிகேரு அதை வரைந்தபோது, குனியோஷியின் இந்தப் படத்தைப் பார்த்துத்தான் உருவம் கொடுத்தார். படம் முதலில், பேய் பின்னால். நூற்றாண்டுக்கும் மேலாகக் காத்திருந்து ஒரு படம் தனக்கொரு பேயைப் பெற்றெடுத்திருக்கிறது. நாட்டுப்புறக் கதை எப்போதும் பழையதாகத்தான் இருக்க வேண்டும் என்ற நம் எண்ணத்தை இது நன்றாகக் கலைத்துப் போடுகிறது.

எலும்புகள் எப்படி இவ்வளவு சரியாக இருக்கின்றன?

விலா எலும்புகளின் வளைவு, தோள்பட்டை, முதுகெலும்பின் கோவை எல்லாம் மருத்துவப் பாடநூலைத் திறந்து வைத்து வரைந்த மாதிரி இருக்கும். அது வெறும் தோற்றமாக இருக்காது. ஜப்பான் அப்போது வெளிநாடுகளோடு பெரும்பாலும் தொடர்பை அடைத்து வைத்திருந்தாலும், நாகசாகி வழியாக டச்சுப் புத்தகங்கள் வந்துகொண்டிருந்தன. 1774-இலேயே சுகிதா கென்பாகுவும் நண்பர்களும் ஒரு மேற்கத்திய உடற்கூறு நூலைக் ‘காய்தாய் ஷின்ஷோ’ என்ற பெயரில் படங்களோடு மொழிபெயர்த்துவிட்டார்கள். குனியோஷி மேற்கத்திய அச்சுப் படங்களை ஆசையாகச் சேர்த்தவர். அந்த வழியில்தான் இந்த எலும்புகள் வந்தன என்று கலை வரலாற்றாளர்கள் கருதுகிறார்கள்.

பேய்க்கு மருத்துவ உண்மை எதற்கு என்று கேட்கலாம். மண்டை ஓடு கொஞ்சம் கார்ட்டூன் போல இருந்திருந்தால் நாம் சிரித்திருப்போம். ஒவ்வொரு எலும்பும் இருக்க வேண்டிய இடத்தில் இருப்பதால்தான் நம் விலா நமக்கு ஞாபகம் வருகிறது.

குனியோஷி யார்?

1798-இல் எதோவில் பிறந்தார், 1861-இல் இறந்தார். அப்பா பட்டுத்துணிக்குச் சாயம் தோய்ப்பவர். துணியில் வரும் நிறமும் வடிவமும் சின்ன வயதிலேயே கண்ணில் பட்டிருக்கும் என்று நினைக்கிறேன். அவர் வரைந்த ஆடைகளைப் பார்த்தால் நம்பாமல் இருக்க முடியாது. 1811 வாக்கில் தொயொகுனியிடம் மாணவராகச் சேர்ந்தார். அதன்பின் நீண்ட காலம் யாரும் கண்டுகொள்ளவில்லை.

1827 வாக்கில், சீனக் கதையில் வரும் 108 கலகவீரர்களை முறுக்கேறிய தசைகளோடு, சிலரை உடல் முழுக்கப் பச்சை குத்தலோடு வரையத் தொடங்கினார். எதோ மக்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். ‘வீரர் படம் என்றால் குனியோஷி’ என்று பெயர் நிலைத்தது. உடம்பில் பெரிய பச்சை குத்திக்கொள்ளும் மோகத்தை அந்தப் படங்கள் இன்னும் தூண்டிவிட்டன.

பூனைப் பைத்தியம். பட்டறை முழுக்கப் பூனைகள். வேலை செய்யும்போது ஒரு குட்டியைக் கிமோனோவின் மார்புப் பகுதிக்குள் வைத்துக்கொண்டே வரைவார் என்று மாணவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அவர் மாணவர்களில் பெரும் பெயர் எடுத்தவர் யோஷிதோஷி.

ஏன் மூன்று தாள்? எந்தப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும்?

தாளின் அளவு அவ்வளவுதான் என்பதால் பெரிய காட்சிக்குத் தாள்களைச் சேர்ப்பது பழைய வழக்கம். ஆனால் முன்பெல்லாம் ஒவ்வொரு தாளும் தனியாகவே ஒரு படமாக நிற்கும். மூன்று அழகிகள், தாளுக்கு ஒருத்தி என்பது போல. ஒரு தாளை மட்டும் வாங்கினாலும் குறை தெரியாது. குனியோஷி அந்தக் கணக்கை உடைத்தவர்களில் முக்கியமானவர். இந்தப் படத்தின் வலது தாளை மட்டும் எடுத்துப் பாருங்கள்: தலை இல்லாத விலா எலும்புகளும் இருட்டும்தான். மூன்றும் சேர்ந்தால்தான் மூச்சு வரும்.

இரண்டாவது கேள்விதான் எனக்குப் பிடித்த கேள்வி. ஜப்பானிய எழுத்து மேலிருந்து கீழாக, வரிகள் வலமிருந்து இடமாகப் போகும். சுருளோவியங்களையும் வலமிருந்துதான் விரிப்பார்கள். அந்தப் பழக்கத்தில் ஊறிய எதோவாசியின் கண் எங்கே தொடங்கும்? இருட்டில். அப்புறம் எலும்பு. அப்புறம் மண்டை ஓடு. அதன் பார்வை விழும் இடத்தில் சண்டை. கடைசியாக, தாளின் மறுகோடியில், இதையெல்லாம் நடத்திக்கொண்டிருக்கும் அவள்.

நாம் இடமிருந்து வலமாகப் படிப்பவர்கள். முதலில் அவளைக் கடந்துவிட்டு எலும்புக்கூட்டில் போய் முட்டி நின்றுவிடுகிறோம். நமக்கு அது பேய்ப்படமாக முடிகிறது. ஒரு முறை வேண்டுமென்றே வலதிலிருந்து தொடங்கி மெதுவாக இடது பக்கம் வாருங்கள். யார் செய்தது இது என்ற கேள்வி முதலில் வரும், பதில் கடைசியில் வரும்.

இதை எப்படிச் செய்தார்கள்? குனியோஷியே செதுக்கினாரா?

இல்லை. ஓவியர், செதுக்குபவர், அச்சடிப்பவர், இவர்களைச் சேர்த்துப் பணம் போட்டு விற்கும் பதிப்பாளர் என்று நான்கு தரப்பு. எதை வரைவது என்பதிலேயே பதிப்பாளருக்குப் பெரிய பங்கு உண்டு.

குனியோஷி மெல்லிய தாளில் மையால் கோட்டோவியம் வரைந்து தருவார். செதுக்குபவர் அதை மலைச்செர்ரி மரப் பலகையில் முகம் கீழாக ஒட்டுவார். தாளின் பின்புறத்தை மெல்ல உரித்தால் கோடுகள் தெரியும். கோட்டை விட்டுவிட்டு மற்ற இடத்தையெல்லாம் கத்தியால் எடுத்துவிடுவார். அசல் ஓவியம் அதிலேயே அழிந்துபோகும். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனது கனக்கும்: குனியோஷியின் கை பட்ட தாள் இல்லாமல் போனால்தான் படம் பிறக்கும்.

முகத்தையும் தலைமுடியையும் மூத்த கைவினைஞர் செதுக்குவார், துணிமணியையும் பின்னணியையும் இளையவர்கள். கோட்டுப் பலகை முடிந்ததும் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு தனிப் பலகை. எல்லா நிறமும் தன் கோட்டுக்குள் சரியாக விழ வேண்டுமே, அதற்குப் பலகையின் மூலையில் ஒரு சின்ன மூலைவெட்டும் ஓரத்தில் ஒரு கோட்டுவெட்டும் இருக்கும். ‘கென்தோ’ என்பார்கள். தாளை அதில் பொருத்தி வைத்து, பின்புறத்தை மூங்கில் மடல் சுற்றிய வட்டத் தேய்ப்பானால் அழுத்தித் தேய்ப்பார்கள். தேய்ப்பானின் பெயர் ‘பாரென்’. அச்சு இயந்திரம் எதுவும் இல்லை, எல்லாம் தோள்பட்டையின் பலம். தாள், கோஸோ என்ற காகித மல்பெரிச் செடியின் பட்டை நாரில் செய்தது. எத்தனை முறை தேய்த்தாலும் கிழியாது.

எலும்புக்கூட்டின் பின்னால் இருக்கும் அந்தக் கறுப்பைப் பாருங்கள். இவ்வளவு பெரிய பரப்பில் திட்டுத்திட்டாக இல்லாமல் கறுப்பைப் படியவைப்பது கடினம். விலா எலும்புகள் அங்கே வரையப்பட்டவை அல்ல, கறுப்பு படாமல் விடப்பட்டவை. ஒரு விலாவுக்கும் அடுத்த விலாவுக்கும் நடுவே கறுப்பு எங்கே நிற்க வேண்டும் என்பதைத் தீர்மானித்தது செதுக்கியவரின் கத்தி. படத்தில் குனியோஷியின் கையொப்பம் இருக்கிறது. கத்தி பிடித்தவருக்கும் பாரென் பிடித்தவருக்கும் பாதிப் புகழாவது போக வேண்டும்.

எப்போது அச்சானது என்று எப்படிச் சொல்கிறார்கள்?

தணிக்கை முத்திரையை வைத்து. விற்பனைக்கு வரும் ஒவ்வொரு படத்தையும் அரசு சார்பில் ஒருவர் பார்த்து முத்திரை போட வேண்டும். முத்திரையின் வடிவம் காலத்துக்குக் காலம் மாறியது. 1843 முதல் 1847 வரை தணிக்கையாளர் ஒருவரின் பெயர் முத்திரை மட்டும் இருக்கும். அதன்பின் இரண்டு பேர் போட ஆரம்பித்தார்கள். இந்தப் படத்தில் ஒன்றுதான் இருக்கிறது. நூல்கள் பெரும்பாலும் 1844 அல்லது 1845 என்று குறிப்பிடும்.

அந்தக் காலம் ஓவியர்களுக்கு நெருக்கடியான காலம். தலைமை அமைச்சர் மிசுனோ தடகுனி கொண்டுவந்த தென்போ சீர்திருத்தங்களின்படி, 1842-இல் நடிகர் படங்களுக்கும் கணிகையர் படங்களுக்கும் தடை வந்தது. நிறங்களின் எண்ணிக்கைக்குக் கட்டுப்பாடு. மூன்று தாளுக்கு மேல் சேர்க்கக் கூடாது. ஒரு தாளுக்கு 16 மோன் காசுக்கு மேல் விற்கக் கூடாது. நன்றாக விற்றுக்கொண்டிருந்தவை தடைபட்டதும், எல்லோரும் வரலாறு, வீரம், நீதிக்கதை பக்கம் திரும்பினார்கள். குனியோஷிக்கு அது சொந்த வீடு மாதிரி.

1843-இல் அவர் வரைந்த இன்னொரு மூன்று தாள் படத்தில், நோயில் படுத்திருக்கும் வீரன் ரைகோவின் தலைமாட்டில் பூதச் சிலந்தி ஒன்று பேய்ப்படையை ஏவுகிறது. மக்கள் அதில் ரைகோவை, அன்று நாட்டை ஆண்ட படைத்தலைவரான ஷோகுனாகவும், பக்கத்தில் இருந்த ஒருவனை மிசுனோவாகவும், பேய்களைச் சீர்திருத்தத்தால் பிழைப்பு இழந்தவர்களாகவும் படித்துவிட்டார்கள். பரபரப்பில் பயந்த பதிப்பாளர் மீதிப் படிகளைத் திரும்பப் பெற்று, பலகைகளையும் அழித்தார். அடுத்த ஓரிரு ஆண்டுகளுக்குள் வந்த படம்தான் நம்முடையது: அரசை எதிர்த்துத் தோற்றவனின் மகள், படை திரட்டுகிறாள். கலகம் கடைசியில் அடங்குகிறது என்று படத்தின் மேலேயே எழுதியிருப்பதால் தணிக்கையாளருக்குச் சிக்கல் இல்லை. கண்ணுக்குத் தெரிவதோ வேறு.

அன்றைக்கு யார் வாங்கினார்கள்?

சாதாரண மக்கள். 16 மோன் என்பது தெருக்கடையில் ஒரு கிண்ணம் சோபா நூடுல்ஸின் விலை. மூன்று தாளுக்கு மூன்று கிண்ணம். தச்சர், மீன் விற்பவர், கடைப்பையன் எல்லோரும் வாங்கி, சுவரிலோ தடுப்பிலோ ஒட்டி வைத்தார்கள். கிழிந்தால் தூக்கிப் போட்டார்கள்.

மூலப் படிகள் எங்கே இருக்கின்றன? ஒவ்வொன்றும் வேறு நிறத்தில் தெரிகிறதே?

அச்சுப் படம் என்பதால் ‘ஒரே அசல்’ என்று ஒன்று கிடையாது. அன்று அச்சானவற்றில் தப்பிய படிகள் பல நாடுகளில் உள்ளன. லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் ஒன்று உண்டு. அங்கே போனால் சுவரில் மாட்டியிருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். தாவரச் சாயங்கள் வெளிச்சத்தில் வெளுத்துவிடும் என்பதால் பெரும்பாலான காலம் இருட்டறையில்தான் வைத்திருப்பார்கள்.

நிற வேறுபாட்டுக்கும் பாதிக் காரணம் அதுதான். மீதிக் காரணம் அச்சடிப்பு. முதல் படிகளில் பலகை கூர்மையாக இருக்கும், மையின் ஏற்ற இறக்கம் அழகாக வரும். போகப்போகக் கோடு தேயும்.

பிரதி வாங்கினால் எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

குனியோஷி இறந்து ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டதால் படத்துக்குக் காப்புரிமை இல்லை. அருங்காட்சியகங்கள் தங்கள் புகைப்படங்களுக்கு விதிக்கும் நிபந்தனைகளை மட்டும் படித்துக்கொள்ளுங்கள்.

கடைகளில் ‘அசல்’ என்று வருவதில் மூன்று வகை உண்டு: அன்றைய அச்சு, பின்னாளில் புதிதாகப் பலகை செதுக்கிக் கையால் அடித்த மறு அச்சு, வெறும் டிஜிட்டல் அச்சு. இரண்டாவது வகை கெட்டது இல்லை. நல்ல கைவினைஞர் செய்த மறு அச்சு, வெளுத்துப்போன பழைய படியைவிட அன்றைய நிறத்துக்குப் பக்கத்தில் இருக்கும். பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அது இயந்திர அச்சு. கையச்சில் தாளின் பின்பக்கம் பாரென் தேய்த்த வட்டத் தடங்கள் தெரியும். நான் ஒருமுறை அவசரத்தில் ஒரு விற்பனையாளரிடம் வாங்கி ஏமாந்தேன். வந்தது இடது தாளின் ஓரத்தை வெட்டி, சட்டத்துக்குள் அடங்கும்படி செய்த பிரதி. தகியாஷாவே பாதிதான் இருந்தாள். மூன்று தாளும் முழுசாக இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

குழந்தைகளுக்குக் காட்டலாமா?

தாராளமாக. ரத்தம் இல்லை, கொடூரம் இல்லை. என் அனுபவத்தில் குழந்தைகள் பயப்படுவதில்லை. அந்த அக்கா ஏன் பயப்படவில்லை என்றுதான் கேட்கிறார்கள். பெரியவர்கள் யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை.

கடைசியில் தகியாஷாவுக்கு என்ன ஆனது?

படத்தின் மேலே எழுதியிருப்பதன் சாரம் இது: சோமாவின் பழைய அரண்மனையில் மசகாதோவின் மகள் தகியாஷா மந்திரவித்தையால் ஆள் சேர்க்கிறாள், ஓயா நோ தாரோ மிட்சுகுனி பேயைச் சோதிக்க வந்து, முடிவில் அதை அழித்துவிடுகிறான். ஆக, கதைப்படி அவள் தோற்கிறாள். படத்தில் இன்னும் தோற்கவில்லை. சுருள் விரிந்திருக்கிறது, மந்திரம் பலித்துக்கொண்டிருக்கிறது.

பிக்குணி மரபில் முடிவு வேறு. இபராகி மாநிலத்தின் பந்தோ நகரில் கொகுஓ என்ற கோவில் இருக்கிறது. அப்பா இறந்த 33-ஆம் ஆண்டு நினைவுக்கு, 972-இல், மகள் நியோஸோ அங்கே வந்து, மரத்தில் அப்பாவின் உருவத்தைத் தன் கையாலேயே செதுக்கி வைத்தாள் என்று ஊர் சொல்கிறது. மசகாதோவின் மரச்சிலை இன்றும் அந்தக் கோவிலில்தான் இருக்கிறது.